டிரினிடாட்டிலிருந்து ராயபுரத்துக்கு வந்த துரை

சென்னைவாசிகளில் ராயபுரம் ரெயில் நிலையத்தைக் கண்ணால் பார்த்திராதவர்கள் அநேகர் உண்டு. ஸென்ட்ரல் நிலையமும் எழும்பூர் நிலையமும் பேர் பெற்ற பிறகு, வட சென்னையில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பழைய கட்டிடத்தைத் தேடிப் போக வேண்டிய அவசியம் பலருக்கு ஏற்படுவதில்லை. ஆனால் தென்னிந்தியாவில் முதன் முதலாகப் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு ரெயில் வண்டி புறப்பட்டது அங்கிருந்துதான். பம்பாயிலும் தாணாவிலும் 1853-ம் வருஷத்தில் ஏற்பட்ட ஆதி நிலையங்கள் மறைந்துவிட்டன. ஆகையால், இந்தியாவில் இன்று நிற்கும் ரெயில் நிலையக் கட்டிடங்களுக்குள் மிகப் பழமையானது என்னும் பெருமை ராயபுரத்துக்கு உரியதாயிருக்கிறது.

அந்த நிலையத்தை 1856-ம் வருஷம் ஜூன் மாதம் 28-ந் தேதி திறந்து வைத்தவர் அப்போதைய சென்னைக் கவர்னர் ஹாரிஸ் பிரபு. கவர்னர்கள் கட்டிடங்களைத் திறந்து வைப்பது ஒரு புதுமையல்ல. ஆனால் இந்தக் கவர்னர் எங்கிருந்து நம் ஊருக்கு வந்து சேர்ந்தார் என்பது சிந்திக்கத்தக்க விஷயம். சென்னைக்கு வருவதற்கு முன்னால் எட்டு வருஷ காலம் அவர் அமெரிக்காக் கண்டத்தின் ஓரத்திலே உள்ள டிரினிடாட் தீவில் கவர்னராக இருந்தார். அந்த எட்டு வருஷமும் நம் நாட்டு ஏழை ஜனங்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களில் கொண்டு இறக்கிய ஆரம்ப காலம். சென்னைத் துறையில் முச்சலிக்கையில் கைநாட்டு வைத்துக் கப்பலேறிய தமிழர்கள் அக்கரையில் இறங்கியபோது, அங்கே ஆட்சி செலுத்தியவர் இந்த ஹாரிஸ் பிரபு. பிறகு அவரே இக்கரைக்கும் வந்து சேர்ந்தார்!

ஸ்பெயின் தேசத்து வழக்கம்

டிரினிடாட் முதலில் ஆங்கிலேயருடைய தீவு அல்ல. 1498-ம் வருஷத்தில் கொலம்பஸ் அதைக் கண்டது முதல் ஸ்பெயின் தேசத்தார் சுமார் மூன்று நூற்றாண்டு காலம் அதற்கு உரிமை கொண்டாடினார்கள். அந்தத் தீவின் கடைசி ஸ்பானியக் கவர்னர் ஹோசே மரியா சக்கோன் என்பவர். 1784-ல் பதவி ஏற்றுக்கொண்ட அவர் காலத்தில், ஸ்பானிய அரசர் அளித்த சலுகைகளை நம்பிப் பிரெஞ்சுக்காரத் தோட்ட முதலாளிகள் தங்கள் அடிமைகளுடன் திரள் திரளாக வந்து குடியேறினார்கள். 1783-ல் மூவாயிரத்துக்கும் குறைவாயிருந்த ஜனத்தொகை 1797-ல் சுமார் 17,700 ஆயிற்று. அவர்களில் ஏறக்குறைய 10,000 பேர் அடிமைகள். நாடு செழித்தது என்று சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். யாருடைய முதுகின்மேல் செழித்தது என்பதை இந்த எண்ணே சொல்லிவிடுகிறது.

1797-ம் வருஷம் பிப்ரவரியில் ஆங்கிலேயரின் பெரிய கப்பற் படை வந்து சூழ்ந்தது. ஸ்பானியக் கடற்படைத் தலைவர் தம் கப்பல்களுக்குத் தாமே தீ வைத்தார். சக்கோன் தீவை ஒப்படைத்துவிட்டார். இதற்காக ஸ்பெயினில் அவர்மீது விசாரணை நடந்தது. முதலில் குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று. அரசருக்கு அது திருப்தியளிக்கவில்லை. மறுபடியும் விசாரித்து 1801-ல் நாடு கடத்தினார்கள். சக்கோன் 1833-ல் போர்ச்சுகலில் காலமானார். இன்று டிரினிடாட்டின் தேசிய மலருக்கு அவர் பெயர்தான் வழங்குகிறது.

இங்கே ஸ்பானிய அரசாட்சியின் ஒரு விநோதமான வழக்கத்தைக் குறிப்பிட வேண்டும். அமெரிக்க நாடுகளில் கவர்னராகவோ ராஜப் பிரதிநிதியாகவோ இருந்த எந்த உத்தியோகஸ்தரும் பதவி முடிந்தவுடன் கப்பலேறிப் போய்விட முடியாது. ஒரு நீதிபதி நியமிக்கப்படுவார். 'இன்னாரால் துன்பம் அடைந்தவர்கள் வந்து சொல்லலாம்' என்று ஊர் ஊராகப் பறை சாற்றுவார்கள். அந்நாட்டுப் பூர்வீகக் குடிகள் கூடப் பிராது கொடுக்கலாம். விசாரணை முடியும் வரையில் உத்தியோகஸ்தர் அந்த ஊரிலேயே இருந்து பதில் சொல்ல வேண்டும். குற்றம் நிரூபணமானால் அபராதம் உண்டு. இனி உத்தியோகம் இல்லை என்ற தண்டனையும் உண்டு. இதற்கு 'ரெசிதென்சியா' என்று பெயர். மெக்ஸிகோவை ஜயித்த கோர்ட்டெஸ் கூட இதற்குத் தப்பவில்லை. 1526-ல் அவரை விசாரிக்க வந்த நீதிபதி, வந்த சில நாட்களிலேயே நோயுற்று இறந்துபோனது வேறு கதை!

ஸ்பானிய ஆட்சி கருணை மிகுந்தது என்று இதனால் யாரும் எண்ணிவிட வேண்டாம். அந்த விசாரணைகளிலும் லஞ்சம் புகுந்தது, தாமதம் புகுந்தது, சிநேகிதர்கள் சிநேகிதர்களைக் காப்பாற்றினார்கள். ஆயினும், ஆண்டவன் கணக்குக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்ற தத்துவம் அங்கே சட்டத்தில் இருந்தது. ஆங்கிலேயர் இந்தியாவை ஆண்ட காலத்தில் அத்தகைய சட்டம் இல்லை. வாரன் ஹேஸ்டிங்ஸ்மீது 1788 முதல் 1795 வரை லண்டன் பார்லிமெண்டில் நடந்த விசாரணை ஒன்று உண்டு. அதிலும் அவர் விடுதலை பெற்றார். வங்காளத்துக் குடியானவன் எவனும் அங்கே சென்று சாட்சி சொல்ல முடியவில்லை.

ஹாரிஸ் பிரபுவைப் பற்றி நாமே ஒரு 'ரெசிதென்சியா' நடத்திப் பார்த்தால் என்ன? காலம் கடந்த விசாரணைதான். அதனால் கோபத்துக்கு இடமில்லை, நிதானமாகவே பார்க்கலாம்.

ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சொத்து

ஜார்ஜ் பிரான்ஸிஸ் ராபர்ட் ஹாரிஸ் 1810-ல் பிறந்தவர். அவருடைய பாட்டனார் ஜெனரல் ஹாரிஸ். 1799-ல் திப்பு சுல்தானைத் தோற்கடித்து ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கைப்பற்றிய சேனைக்குத் தலைமை வகித்தவர் அவரே. அந்தக் கொள்ளையில் தமக்குக் கிடைத்த பங்கைக் கொண்டு இங்கிலாந்தில் கெண்ட் மாகாணத்தில் பெல்மாண்ட் என்னும் மாளிகையை 1801-ல் வாங்கினார். பிறகு கிடைத்த பிரபுப் பட்டத்திலும் ஸ்ரீரங்கப்பட்டணம், மைசூர் என்ற பெயர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆகவே நமது ஹாரிஸ் பிரபு இந்தியாவைப் பார்ப்பதற்கு முன்பே இந்தியாவின் உப்பைத் தின்று வளர்ந்தவர் என்று சொல்லலாம். 1845-ல் தகப்பனார் காலமாகவே, மூன்றாவது ஹாரிஸ் பிரபுவாகி, அடுத்த வருஷமே டிரினிடாட்டுக்குக் கவர்னராகச் சென்றார்.

கரும்பும் கண்ணீரும்

அவர் போய்ச் சேர்ந்த சமயத்தில் அந்தத் தீவின் நிலைமை மிகவும் சிக்கலாயிருந்தது. அடிமைத்தனத்தை ஒழிக்கும் சட்டம் 1834-ல் அமுலுக்கு வந்து, 1838-ல் பூரண விடுதலை கிடைத்தது. டிரினிடாட்டில் மட்டும் சுமார் 20,000 பேர் விடுதலை பெற்றார்கள். பிரிட்டிஷ் சர்க்கார் நஷ்ட ஈடாக இரண்டு கோடி பவுன் வழங்கினார்கள். யாருக்கு? அடிமைகளாயிருந்து உழைத்தவர்களுக்கு அல்ல. அவர்களை விலைக்கு வாங்கியிருந்த முதலாளிகளுக்கு! விடுதலை பெற்றவர்களில் பலர் பழைய எஜமானனுடைய தோட்டத்தில் காலெடுத்து வைக்க விரும்பாமல், சொந்தமாகச் சிறு நிலம் தேடிக்கொண்டார்கள். முதலாளிகள் ஆட்களுக்காக நம் நாட்டின் பக்கம் திரும்பினார்கள். 1845-ம் வருஷம் மே மாதம் 30-ந் தேதி 'பதேல் ரஸாக்' என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து சுமார் 225 இந்தியர்களைக் கொண்டுவந்து போர்ட் ஆப் ஸ்பெயின் துறையில் இறக்கிற்று. அடுத்த வருஷம் முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் சென்றன.

ஹாரிஸ் பிரபு அறிவில்லாதவர் அல்ல. ஒரு ஜாதியாருக்கு விடுதலை கொடுத்தாகிவிட்டது, ஆனால் ஒரு சமூகம் உருவாக்கப்படவில்லை என்ற கருத்தை மேலதிகாரிகளுக்கு ஒளிவு மறைவின்றி எழுதியவர் அவர். அந்தச் சமூகத்தை உண்டாக்கச் சில காரியங்களும் செய்தார். தீவை வட்டங்களாகப் பிரித்து, அந்தந்த வட்டத்து வரியை அந்தந்த வட்டத்துச் சாலைக்கும் பள்ளிக்கும் செலவிடச் செய்தார். 1851-ல் மத வேறுபாடு பாராட்டாத இலவசப் பள்ளிக்கூடங்களை ஏற்படுத்தினார். அதே வருஷத்தில் பொது ஜன வாசகசாலை ஒன்றும் தொடங்கிற்று. இவை வரவுப் பக்கத்தில் எழுத வேண்டியவை.

செலவுப் பக்கத்தையும் பார்ப்போம். 1846-ல் இந்தியக் கூலிகளுக்காக ஒரு விதித்தொகுப்பு வகுக்கப்பட்டது. இவ்வளவு அரிசி, இவ்வளவு பருப்பு, இவ்வளவு துணி என்று அதில் அளவு போட்டிருந்தது. ஆனால் சீட்டு இல்லாமல் கூலி தன் தோட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்றும் இருந்தது. அடிமைத்தனம் வேறு உருவத்தில் திரும்பி வருகிறது என்று இங்கிலாந்தில் அடிமை ஒழிப்புச் சங்கத்தார் ஆட்சேபித்ததன்பேரில் லண்டன் அதிகாரிகள் அதை ரத்துச் செய்துவிட்டார்கள். அதற்குள் சர்க்கரைச் சந்தையில் வீழ்ச்சி ஏற்பட்டது. மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரைக்கு இருந்த சலுகையை 1846-ம் வருஷத்துச் சட்டம் குறைத்தது. 1847-ல் பாங்கியும் முறிந்தது. முதலாளிகள் கூலி கொடுக்க முடியாமல் கையை விரித்தார்கள். தோட்டத்தை விட்டுச் சோறு தேடி அலைந்த நம்மவர்களில் பலர் சாலையோரங்களில் விழுந்து மாண்டார்கள்.

இந்தத் துயரத்தைக் கண்டு கவர்னர் கண்ட முடிவு யாது? கூலிக்காரனுக்கு உரிமை வேண்டும் என்பதல்ல. இந்தியரும் ஆப்பிரிக்கரும் நாகரிக தேசத்துத் தொழிலாளரைப் போல் நடத்தப்படத் தகுதியற்றவர்கள், குழந்தைகளைப் போல, அதுவும் அடங்காத குழந்தைகளைப் போல, அவர்களை நடத்த வேண்டும் என்று 1848-ல் எழுதி வைத்தார். அந்த வருஷம் நிறுத்தப்பட்ட கூலிக் கப்பல்கள் 1851-ல் மறுபடியும் ஓடத் தொடங்கின. 1917-ல் ஒப்பந்த முறை ஒழியும் வரையில் சுமார் 1,45,000 இந்தியர்கள் அந்தத் தீவுக்குக் கொண்டு போகப்பட்டார்கள். பெரும்பாலோர் வட இந்தியர். தமிழரும் தெலுங்கரும் ஒரு சிறு பகுதியினர். அவர்கள் வழிபட்ட மாரியம்மனும் காளியும் அங்கே இன்றைக்கும் பூஜை பெறுகிறார்கள். ஹாரிஸ் பிரபுவின் பள்ளிக்கூடங்களோ அந்தக் கூலிக் குழந்தைகளை எட்டவில்லை. 1868-ல் கனடாவிலிருந்து வந்த ஜான் மார்ட்டன் என்ற பாதிரியார்தான் அவர்களுக்கென்று பள்ளிகளைத் திறந்தார்.

சென்னைக்கு வந்த பிறகு

1854-ம் வருஷம் ஏப்ரலில் ஹாரிஸ் பிரபு சென்னையில் பதவி ஏற்றார். அப்பொழுது சென்னை ராஜதானியைக் குலுக்கிக்கொண்டிருந்த விஷயம் ஒன்று உண்டு. 'கிரெஸெண்ட்' பத்திரிகையின் ஸ்தாபகரும், 1852-ல் சென்னைச் சுதேசிகள் சங்கத்தை அமைத்தவருமான கஜுல லட்சுமிநரசு செட்டியார், குடியானவர்களிடம் கிஸ்தி வசூலிப்பதற்காக நடக்கும் சித்திரவதைகளை வெளிப்படுத்தி வந்தார். 1853-ல் டான்பி ஸீமூர் என்ற பார்லிமெண்ட் அங்கத்தினர் இங்கே வந்தபோது, அவரை ஜில்லாக்களுக்கு அழைத்துச் சென்று நேரிலேயே காட்டினார். விஷயம் லண்டன் பார்லிமெண்டுக்கு எட்டவே, கும்பினி சர்க்கார் வேறு வழியின்றி எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவர் கொண்ட விசாரணைக் கமிஷனை நியமித்தார்கள்.

கமிஷன் ஊர் ஊராகப் போகவில்லை, சென்னையிலேயே உட்கார்ந்தது. இருந்தாலும் சுமார் 2,000 முறையீடுகள் வந்து குவிந்தன. நூற்றுக்கணக்கானவர்கள் நேரிலேயே வந்தார்கள். அவர்களில் சிலர் பல நூறு மைல் தூரத்திலிருந்து வந்தவர்கள். விரல்களைக் கிட்டியில் இட்டு நெரித்தது, அண்ணாந்தாள் என்று தலையையும் காலையும் சேர்த்துக் கட்டிக் குனிய வைத்தது, உச்சி வெயிலில் முதுகில் கல்லேற்றி நிறுத்தியது, இவையெல்லாம் 1855-ல் வெளியான அறிக்கையில் பதிவாயின. சித்திரவதை நடப்பது உண்மை என்று கமிஷனர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பழியைக் கீழ்த்தர உத்தியோகஸ்தர்களான சுதேசிகள்மீது போட்டு, வெள்ளைக்கார அதிகாரிகளை விடுவித்துவிட்டார்கள். கிஸ்தியை இவ்வளவு என்று நிர்ணயித்தவர் யார், அது முழுவதும் வந்து சேர வேண்டும் என்று நெருக்கியவர் யார் என்ற கேள்விக்கு அந்த அறிக்கையில் தக்க விடை இல்லை.

அதே 1855-ம் வருஷம் அக்டோபரில் ஆற்காட்டு நவாப் குலாம் முகம்மது கவுஸ்கான் வாரிசில்லாமல் இறந்தார். அம்மாத இறுதியிலேயே தஞ்சாவூர் அரசர் சிவாஜியும் காலமானார். நவாப் பட்டத்தை அத்துடன் முடித்துவிட வேண்டும் என்று ஹாரிஸ் பிரபு சிபாரிசு செய்தார். கவர்னர் ஜெனரல் டல்ஹவுஸிக்கு அதைவிட இனிப்பான வார்த்தை வேறு என்ன இருக்க முடியும்? இரண்டு பட்டங்களும் அழிந்தன. சேப்பாக்கம் அரண்மனை பிறகு சர்க்காரின் சொத்தாயிற்று. அடுத்த வருஷம் ராயபுரத்திலிருந்து புறப்பட்ட முதல் ரெயில் பாதை போய் முடிந்த இடமும் ஆற்காட்டுச் சீமைதான்!

முதல் வண்டி

ரெயில் பாதை வாலாஜா ரோடு வரையில் அறுபது மைலுக்கு மேல் நீண்டது. திறப்பு விழாவன்று கவர்னரும் சுமார் 300 ஐரோப்பியர்களும் ஒரு வண்டியில் ஏறி வாலாஜாவுக்குச் சென்றார்கள். நம்மவர்கள் ஏறிச் சென்ற இன்னொரு வண்டி திருவள்ளூர் வரையில் போயிற்று. சிம்ஸன் கம்பெனியார் சென்னையிலேயே வண்டிகளைக் கட்டிக் கொடுத்தார்கள். ஜூலை மாதம் முதல் தேதியிலிருந்து பொது ஜனங்கள் பிரயாணம் செய்யத் தொடங்கினார்கள். 1862-ல் அந்தப் பாதை மேற்குக் கடற்கரையிலுள்ள பேப்பூரை எட்டியது.

இந்த நன்மையை யாரும் மறுக்க முடியாது. மாட்டு வண்டியில் நாட்கணக்காகப் போன தூரத்தை மணிக்கணக்கில் கடக்கலாம் என்று ஆயிற்று. ஆனால் பணம் யாருடையது? மெட்ராஸ் ரெயில்வே கம்பெனியின் பங்குதாரர்கள் லண்டனில் இருந்தார்கள். அவர்கள் போட்ட முதலுக்குச் சுமார் 5 சதவீதம் வட்டி நிச்சயம் என்று கும்பினி சர்க்கார் உறுதி கூறியிருந்தார்கள். லாபம் வராவிட்டால் அந்தத் தொகையை இந்திய வருமானத்திலிருந்து கட்ட வேண்டும். நிலமும் இலவசம். இந்திய வருமானத்தில் பெரும் பகுதி நிலவரி. நிலவரி என்றால் கிஸ்தி. எந்தக் கிஸ்திக்காகக் குடியானவனுடைய விரல் கிட்டியில் நெரிந்ததோ, அந்தக் கிஸ்திதான் ராயபுரத்துத் தண்டவாளத்துக்கும் பிணையாக நின்றது. முந்திய வருஷம் முறையிடுவதற்காகச் சென்னைக்கு நடந்து வந்தவர்களுக்கு அந்த ரெயில் கிடைக்கவில்லை.

ஒரே செப்டம்பர்

1857-ம் வருஷம் வந்தது. வடக்கே புரட்சி மூண்ட போது, சென்னையிலிருந்து ஐரோப்பியப் பட்டாளத்தை வங்காளத்துக்கு அனுப்பினார் ஹாரிஸ் பிரபு. அதன் தலைவன் கர்னல் நீல். காசியிலும் அலகாபாத்திலும் கான்பூரிலும் நீல் நடத்திய கொடுமைகள் பிரசித்தமானவை. அவனுடைய சிலையை மவுண்ட் ரோடில் நிறுத்தியிருந்தார்கள். 1927-ல் தேசபக்தர்கள் அதை அகற்றக் கோரிச் சத்தியாக்கிரகம் செய்து சிறை சென்றார்கள். 1937-ல் ராஜாஜி மந்திரிசபை ஏற்பட்ட பிறகு அது காட்சிசாலைக்குப் போய்ச் சேர்ந்தது. பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டுப் போட வேண்டும் என்று வற்புறுத்தியவர்களிலும் ஹாரிஸ் பிரபு ஒருவர். அந்த ஜூன் மாதத்தில் கவர்னர் ஜெனரல் கானிங் அப்படியே சட்டம் செய்தார்.

ஆனால் அதே 1857-ம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி சென்னைச் சர்வகலாசாலைச் சட்டம் நிறைவேறியது. அதன் முதல் சான்ஸலர் ஹாரிஸ் பிரபு. இருபது நாள் கழித்து, செப்டம்பர் 25-ந் தேதி, நீல் லட்சுமணபுரியில் குண்டடிபட்டு இறந்தான். ஒரே கவர்னருடைய ஆட்சியில், ஒரே மாதத்தில், ஒரு கையில் சர்வகலாசாலையும் மறு கையில் நீலனும்! டிரினிடாட்டில் பள்ளிக்கூடமும் கூலிச் சீட்டும் இருந்தது போலத்தான் இதுவும். கல்வி கொடுப்பதில் அவருக்கு மெய்யான சிரத்தை இருந்தது. கல்வி பெற்றவன் கேள்வி கேட்பான் என்பதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

1859-ம் வருஷம் மார்ச்சில் அவர் இந்தியாவை விட்டுச் சென்றார். பிறகு வேல்ஸ் இளவரசியின் மாளிகையில் உயர்ந்த உத்தியோகம் வகித்து, 1872-ல் காலமானார். டிரினிடாட்டில் 1851-ல் பிறந்த அவருடைய குமாரர் கிரிக்கெட் ஆட்டத்தில் பேர் பெற்று, 1890 முதல் 1895 வரை பம்பாய்க் கவர்னராயிருந்தார். பாட்டன் ஸ்ரீரங்கப்பட்டணத்தில், பேரன் சென்னையில், கொள்ளுப் பேரன் பம்பாயில்!

தீர்ப்பு

ஹாரிஸ் பிரபு கொடிய மனிதர் என்று சொல்வது நியாயமாகாது. கூடியவரை ஒழுங்காக ஆட்சி நடத்த விரும்பியவர்தான். இரண்டு தேசங்களிலும் அவர் செய்து வைத்த நன்மைகள் இன்றும் பயன்படுகின்றன. ஆனால் ஆளப்படுகிறவர்களைக் குழந்தைகள் என்று எண்ணிக்கொண்டவர் அவர். குழந்தைக்குப் புஸ்தகம் கொடுக்கலாம், ரெயில் காட்டலாம். குழந்தையிடம் கணக்கு ஒப்பிக்க வேண்டும் என்று எந்தத் தகப்பனும் நினைப்பதில்லை. நல்லவர் ஒருவர் கையில் இருந்தபோதே அந்த ஆட்சி இப்படி இருந்தது என்றால், குறை மனிதரிடத்தில் மட்டுமா இருந்தது?

டிரினிடாட்டில் ஸான் பெர்னாண்டோ நகரத்து வீதி ஒன்றுக்கு அவர் பெயர் இருக்கிறது. அந்த ஹாரிஸ் வீதியில் மகாத்மா காந்தியின் சிலை நிற்கிறது. சென்னையில் ஹாரிஸ் ரோடு ஆதித்தனார் சாலை ஆகிவிட்டது. ராயபுரம் நிலையம் மட்டும் 2005-ல் பழுது பார்க்கப்பட்டு அதன் பழைய தூண்களுடன் நிற்கிறது.

அதை இடிக்காமல் காப்பாற்றியது நல்ல காரியம். அங்கே போகிறவர்கள் குழந்தைகளையும் அழைத்துப் போகலாம். கவர்னர் திறந்து வைத்தார் என்று மட்டும் சொல்லி நிறுத்த வேண்டாம். அந்தக் கட்டிடத்துக்கு வட்டி கட்டியவன் ஒரு குடியானவன் என்றும், அவன் தனக்கு நேர்ந்ததைச் சொல்ல வெகு தூரம் நடந்து வந்தான் என்றும், அவன் சொன்னது எழுத்தில் பதிவாகியிருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். நமது நாட்டில் யாரும் பறை சாற்றி அழைக்காமலே நடந்த 'ரெசிதென்சியா' அதுதான். பதவியிலிருப்பவர்கள் யாராயிருந்தாலும், நம்மவர்களே ஆனாலும், அந்தக் கணக்கைக் கேட்கும் உரிமை இன்று வோட்டுப் போடும் ஒவ்வொருவருக்கும் இருக்கிறது. கேட்காமல் விட்டுவிட்டால், நாம் குழந்தைகள்தான் என்று ஹாரிஸ் பிரபு எழுதி வைத்ததை நாமே மெய்ப்பித்தவர்களாவோம்.